பக்குவமாகச் சொல்லவும்

பன்னிரண்டு நாற்காலிகளை வட்டமாகப் போடுவது பார்ப்பதற்குத்தான் எளிது. பத்தொன்பது வருடங்களாகப் போட்டுவருகிறேன், இன்றைக்கும் சில புதன்கிழமைகளில் அது முட்டை வடிவத்துக்குப் போய்விடுகிறது. முட்டையின் கூர்முனையில் உட்காருகிறவர், எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலேயே அழ ஆரம்பித்துவிடுவார்.

நீங்கள் இந்த விசாரணை அறையில் நாற்காலிகளை நேர்க்கோட்டில் போட்டிருக்கிறீர்கள். நடுவில் தலைவர் ஐயா, இரண்டு பக்கமும் உறுப்பினர்கள், எதிரே தனியாக நான். குறை சொல்லவில்லை. ஆனால் இப்படிப் போட்டால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். நான் திறக்கிறேன் என்றால் அது என் பயிற்சி.

இன்னொன்று. தலைவர் ஐயாவின் முழங்கை மடிப்பில் முந்தாநாள் ஒட்டிய பஞ்சு இன்னும் இருக்கிறது. எடுத்துவிடலாம், ரத்தம் நின்றிருக்கும். விசாரணைக்கு வந்த இடத்தில் அப்படியே முழு உடல் பரிசோதனையும் செய்துகொண்டதாகக் கேள்விப்பட்டேன். நல்ல காரியம். ஓய்வு பெற்ற நீதிபதிகள் உடம்பைக் கவனித்துக்கொள்வதே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மருத்துவமனையில் எனக்கு இரண்டு வேலை. முதலாவது, புதன்கிழமைதோறும் பத்து மணிக்கு இரண்டாவது மாடியில் கடும் நோயாளிகளின் குழுவை நடத்துவது. சிறுநீரகம் போனவர்கள், இதயம் தளர்ந்தவர்கள், புற்றுநோய்க்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேசித் தேற்றிக்கொள்ள வேண்டும். நான் வழிநடத்த வேண்டும். இரண்டாவது வேலை, சேதி சொல்வது. எங்கள் டாக்டர்களுக்குக் கத்தியை எடுத்தால் கை நடுங்காது, வாயைத் திறந்தால் நாக்கு நடுங்கும். அதனால் பரிசோதனை முடிவை ஒரு ரோஸ் நிறச் சீட்டில் எழுதி, இரண்டாக மடித்து, பியூனிடம் கொடுத்து எனக்கு அனுப்பிவிடுவார்கள். சீட்டின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'பக்குவமாகச் சொல்லவும்.'

பத்தொன்பது வருடங்களில் அந்த வரி ஒரு நல்ல சேதியைக்கூடக் கொண்டுவந்ததில்லை. நல்ல சேதிக்குப் பக்குவம் எதற்கு? அதை நர்ஸே வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து கத்திச் சொல்லிவிடுவார். ஆகவே சீட்டைக் கீழிருந்து மேலாகப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. கடைசி வரியைப் பார்த்தால் போதும், தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிடலாம்.

ஏனென்றால் என் முறை அதுதான். முதலில் நாற்காலியை முழங்கால் இடிக்கிற தூரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்வேன். அடுத்து ஒரு கிளாஸ் தண்ணீர். சேதிக்குப் பிறகு மௌனம். என் தொழிலில் மௌனம்தான் பெரிய கருவி. என் மனைவி இதை ஒப்புக்கொள்வதில்லை. "பேசாம உக்காந்திருக்கறதுக்கா உங்களை வேலைக்கு வச்சிருக்காங்க? அப்படின்னா எங்க அண்ணனுக்கு மெடலே குடுக்கணுமே" என்பாள். அவள் அண்ணனின் மௌனம் வேறு. அது சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் வருவது.

உண்மையைச் சொன்னால், அந்தச் சமயத்தில் குழு செத்துக்கிடந்தது. தபால்காரர் ஒருவர் இருந்தார். தளர்ந்த இதயம், காலையில் நாலும் ராத்திரியில் நாலுமாக எட்டு மாத்திரை. ஒன்றரை மணி நேரமும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். தலைமையாசிரியை ஒருவர், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அழுகிறவர்களின் வாக்கியப் பிழையைத் திருத்துவார். நான் ஒருநாள், "உங்கள் வலிக்கு ஒரு நிறம் கொடுத்தால் அது என்ன நிறமாக இருக்கும்?" என்று கேட்டேன். அது வெளிநாட்டில் பெரிய பலன் தந்த கேள்வி.

"வலி நிறத்துலதான் இருக்கும்" என்றார் தலைமையாசிரியை. "கேள்வியைச் சரியாக் கேளுங்க."

அப்போதுதான் கண்டக்டர் வந்து சேர்ந்தார். இருபத்தாறு வருடம் பஸ்ஸில் விசில் ஊதியவர். கழுத்தில் கட்டி. பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்து, இரண்டு சுற்று ஊசி போட்டு, தலைமுடி எல்லாம் கொட்டியிருந்தது. முதல் நாளே வட்டத்தைப் பார்த்து, "உள்ள தள்ளி உக்காருங்க, உள்ள எடம் இருக்கு பாருங்க" என்று அதட்டினார். வட்டத்தில் உள்ளே என்று ஒன்று கிடையாது என்பதை அவருக்குப் புரியவைக்கவே இரண்டு வாரம் ஆயிற்று. ஐந்து வாரமும் யாரோடாவது சண்டை. என் தண்ணீர் கிளாஸுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். நான் யாரையாவது தனியாக அழைத்தால் பக்கத்திலிருப்பவரை இடித்து, "சார் இன்னிக்கு யாருக்கோ தண்ணி காட்டப்போறார்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தாலும் குழு சிரிப்பது நல்லதுதான் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை அவர் பெயரில் சீட்டு வந்தது. கடைசி வரி வழக்கமானது. அதற்கு மேல் வரி: 'மருந்துகளை நிறுத்திவிடலாம்.' எனக்குப் புரிந்துவிட்டது. அவரை வரவழைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். கிளாஸை நீட்டினேன்.

"என்ன சார், நமக்கே தண்ணியா?" என்றார்.

நான் மூன்று வாக்கியம் சொன்னேன். அவற்றை அப்படியே பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன். இனி உங்களுக்கு ஊசி வேண்டாம். இனி டாக்டர் உங்களைப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. இருக்கிற நாளை நல்லபடியாக வாழுங்கள்.

அவர் கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "எவ்வளவு நாள் சார்?" என்றார்.

நான் மௌனமாக இருந்தேன். சுவர்க் கடிகாரப்படி நாற்பது நொடி.

"கடைசி ஸ்டாப்புன்னு வச்சுக்கலாமா?"

அவர் கைமேல் என் கையை வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். "சரி சார். இத்தனை வருஷம் அடுத்தவனுக்கு ஊதினேன். இனி எனக்கு நானே ஊதிக்கறேன்."

பத்தொன்பது வருடத்தில் நான் செய்த மிகச் சிறந்த இருபது நிமிடம் அது. ஒரு சொல் அதிகமும் இல்லை, ஒரு சொல் குறைவும் இல்லை. டீ சொல்லி, நிதானமாகக் குடித்து, கோப்பில் வைப்பதற்காகச் சீட்டை முழுசாகப் பிரித்தேன். மேல் பாதியில் இப்படி இருந்தது: 'முதல் பரிசோதனை தவறாகப் படிக்கப்பட்டுள்ளது. புற்றுநோய் இல்லை. சாதாரணக் கொழுப்புக் கட்டி. இரண்டு சுற்று ஊசியும் தேவையற்றவை. நோயாளி சண்டைக்காரர்.' அதற்குக் கீழேதான் நான் படித்த இரண்டு வரிகள்.

நான் உடனே எழுந்தேன். இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். வாசல் வரைக்கும் ஓடினேன். எதிரே பஸ் ஸ்டாப்பில் அவர் நின்றிருந்தார். பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. கண்டக்டர் ஒதுங்கி நின்று, கைத்தடியோடு வந்த ஒருவரைக் கைகொடுத்து ஏற்றிவிட்டு, "பாத்து, மெதுவா ஏறுங்க ஐயா, பஸ் எங்கயும் போயிடாது" என்று சொல்லி, கடைசி ஆளாக ஏறினார்.

இருபத்தாறு வருடத்தில் ஒரு பயணியிடம் அவர் சொல்லாத வாக்கியம் அது. ஒரு மனிதன் முதல் தடவையாக மனிதனாகிற நேரத்தில் பின்னால் ஓடிப்போய், "உமக்கு ஒன்றுமில்லை" என்று நடுத்தெருவில் கத்துவது பக்குவமா? நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பி வந்தேன்.

மறுநாள் புதன்கிழமை. நான் ஆரம்பிப்பதற்குள் அவரே எழுந்து நின்றார். "எனக்குத் தண்ணி காட்டியாச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு கால் மணி நேரம் பேசினார். சில்லறை இல்லாதவர்களை இறக்கிவிட்டது, கைக்குழந்தையோடு ஓடிவந்தவளைப் பார்த்தும் விசில் ஊதியது, கூடப்பிறந்த தம்பியோடு பதினோரு வருடம் பேசாமல் இருந்தது. எல்லாவற்றையும் ஸ்டாப் ஸ்டாப்பாகச் சொன்னார். தபால்காரர் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினார். தலைமையாசிரியை கைக்குட்டையைத் தேடினார், வாக்கியப் பிழைகளை விட்டுவிட்டார். நானும் அழுதேன். சீட்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது.

நீங்களே சொல்லுங்கள், அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். கெட்ட சேதியை இருபது நிமிடத்தில் சொல்லிவிடலாம், ஏனென்றால் கேட்பவர் அதை எதிர்பார்த்துத்தான் வருகிறார். நல்ல சேதிக்கு மனதைத் தயார் செய்ய வேண்டும். எத்தனை நாள் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. அலுவலகப் படிவத்தில் 'சொல்லப்பட்டதா?' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்ன சொல்லப்பட்டது என்று கேட்கக் கட்டம் இல்லை. அது படிவத்தை அச்சடித்தவர்களின் குறை.

அதன் பிறகு குழு போன போக்கே வேறு. ஒன்பதரைக்கே பன்னிரண்டு நாற்காலியும் நிறைந்துவிடும். கண்டக்டர் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். காலையில் பஸ் நிலையத்துக்குப் போய், அடையாளம் தெரிகிற பயணிகளையெல்லாம் நிறுத்தி மன்னிப்புக் கேட்டார். ஒருவர் பயந்துபோய்ப் பையைக் கொடுத்துவிட்டு ஓடியதாகச் சொன்னார். வீட்டு மாடியைத் தம்பிக்கு எழுதிவைத்தார். விசிலைத் தபால்காரருக்குக் கொடுத்தார். அவருடைய மகளுக்கு வேறு ஊரில் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. அப்பாவோடு இருக்க வேண்டுமென்று அவள் போகவில்லை. அது அவள் சொந்த முடிவு. நான் யாருடைய முடிவிலும் தலையிடுவதில்லை.

அவர் மனைவி ஒருநாள் என்னைத் தேடி வந்தார். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே, "சார், உங்க வாயால சேதி கேட்ட நாளிலேருந்து அவர் ஆளே மாறிட்டார். சாப்பாட்டுல உப்பு கூடன்னா எழுந்து போயி மோர் ஊத்திக்கறார், தட்டு பறக்கலை. இருபத்தாறு வருஷத்துல இப்பதான் சார் குடித்தனம் பண்றேன்" என்றார். பிறகு அழுதார். "அதுக்குள்ள எமன் கூட்டிட்டுப் போயிடுவானேன்னு இருக்கு."

அந்த அம்மாளுக்கும் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் தட்டு மறுபடி பறக்குமே. ஒரு பெண்ணின் நிம்மதியைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை?

மூன்றாவது மாதம் சிக்கல் வந்தது. அவருக்கு முடி முளைத்தது. முன்பைவிட அடர்த்தியாக, லேசான சுருளோடு. நாலாவது மாதம் கன்னம் உப்பியது. சட்டைப் பொத்தான் போடமுடியவில்லை. தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவரையே பார்த்தார்.

"முப்பது வருஷம் ஸ்கூல்ல இருந்தேன். லீவுக்காக ஜுரம்னு சொல்ற பிள்ளைங்களை எல்லாம் பாத்திருக்கேன். கன்னத்துல சதை போடற சாவை இப்பத்தான் பாக்கறேன்."

"அணையப்போற விளக்கு டீச்சரம்மா, அப்படித்தான் எரியும்" என்றார் கண்டக்டர், பணிவாக. அந்த உவமையை அவருக்கு முந்தின வாரம் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"எண்ணெய் யார் ஊத்தறாங்கன்னுதான் கேக்கறேன்" என்றார் தலைமையாசிரியை.

ஐந்தாவது மாதம் மற்ற மருத்துவமனைகளிலிருந்து பார்க்க வந்தார்கள். சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். 'வட்டத்தின் வலிமை' என்ற தலைப்பில் மாநாட்டில் கட்டுரை படிக்க எனக்கு அழைப்பு வந்தது. கண்டக்டரையும் மேடையேற்றுவதாக ஏற்பாடு. மாநாடு முடிந்ததும் சொல்லிவிடுவது என்று நாள் குறித்துக்கொண்டேன். மாநாடு இரண்டு மாதம் தள்ளிப்போனது. அதற்கு நான் பொறுப்பல்ல.

ஆறாவது மாதத்தில் ஒரு புதன்கிழமை தபால்காரர் வாயைத் திறந்தார். குழுவில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. கழுத்தில் கண்டக்டரின் விசில் தொங்கியது.

"சார், எனக்கு ஒரு நாளைக்கு எட்டு மாத்திரை. மாடி ஏறினா மூச்சு வாங்குது. இவருக்கு எல்லா மருந்தையும் நிறுத்திட்டாங்க, இவர் ராஜா மாதிரி இருக்கார். அப்ப மருந்துதான் சார் நம்மளை முடிக்குதா? நானும் நிறுத்திப் பாக்கட்டுமா?"

பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். சுவரோர நாற்காலிகளில் பேனாக்கள் காத்திருந்தன. உறுப்பினரின் கேள்விக்கு உறுப்பினரே விடை காணவேண்டும் என்பது குழுவின் அடிப்படைக் கோட்பாடு. மேலும் "அவர் சங்கதி வேறு" என்று சொன்னால், எப்படி வேறு என்று அடுத்த கேள்வி வரும். நான் வழக்கப்படி மௌனமாக இருந்தேன். தலையைக்கூட அசைக்கவில்லை. பார்வையாளர்களில் ஒருவர் 'அபாரமான மௌனம்' என்று எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

தபால்காரர் விடை கண்டுகொண்டார். மூன்று வாரம் கழித்து, மாடிப்படியில் ஏழாவது படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மூச்சுத் திணறலோடு விசிலை எடுத்து ஊதியிருக்கிறார், அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஆட்கள் ஓடிவந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினாறு நாள். இப்போது பேசுகிறார். வாக்கியம் முடிவதற்குள் மூச்சு முடிந்துவிடுகிறது. விசில் உதவியதே, அது குழுவில் கிடைத்ததுதானே என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பிறகு தலைமையாசிரியை செய்தது ஒழுங்குமுறைக்கு விரோதமானது. டயாலிசிஸ் முடிந்த கையோடு, ஒட்டிய பிளாஸ்திரியோடு, நேராக டாக்டர் அறைக்குப் போய்க் கதவைத் தட்டாமல் நுழைந்து, "கண்டக்டருக்கு என்னத்தை நிறுத்தினீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"யாரு, அந்தக் கொழுப்புக் கட்டியா?" என்றாராம் டாக்டர். "அவருக்கு ஒண்ணுமே இல்லையேம்மா. ஏழு மாசம் முன்னாடியே சொல்லச் சொல்லிட்டேனே."

அடுத்த புதன்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது வட்டம் கச்சிதமாக இருந்தது, முட்டை இல்லை. என் நாற்காலிக்கு எதிரே தலைமையாசிரியை தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முழங்கால் இடித்தது. ஒரு கிளாஸை நீட்டினார்.

"குடிங்க சார்."

குடித்தேன். பிறகு அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. திரும்பிக் கண்டக்டரைப் பார்த்து, வகுப்பில் மதிப்பெண் படிக்கிற குரலில் சொன்னார்: "உங்களுக்கு ஒண்ணும் இல்லை. ஏழு மாசமா ஒண்ணும் இல்லை. இவருக்குத் தெரியும்."

மூன்றே வாக்கியம். பக்குவம் துளிகூட இல்லை. இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று நான் பயந்தேனோ அதுதான் ஆயிற்று. கண்டக்டர் பேசாமல் இருந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் பத்து நொடி. நான் ஒருநாளும் அவ்வளவு தூரம் போனதில்லை.

"எம் பொண்ணுக்கு ஆர்டர் தேதி முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு சார்" என்றார் கடைசியில். பிறகு, "தெனம் ராத்திரி விழிச்சு என்னைத் தொட்டுப் பாப்பா சார் எம் பொண்டாட்டி. மூச்சு இருக்கான்னு. நானும் தூங்கற மாதிரியே படுத்திருப்பேன்."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டினார். பஸ்ஸில் நிறுத்தச் சொல்லும் அதே கை.

"ஸ்டாப்பு வந்தா விசில் ஊதணும் சார். அதுக்குத்தான் கண்டக்டர். நீங்க தூங்கிட்டீங்கன்னாகூட மன்னிச்சிருவேன். முழிச்சிட்டிருந்தே ஊதலை. ஜன்னல்ல வேடிக்கை பாக்கற மாதிரி நான் அழுகறதைப் பாத்துட்டே வந்தீங்க."

சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கதவை அறையவில்லை, மெதுவாகச் சாத்தினார். என் ஏழு மாத உழைப்பு வீண்போகவில்லை என்பதற்கு அது சான்று. இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அன்றைக்கு வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி முழுசும் கேட்டுவிட்டு, "இப்ப நான் உங்களுக்குப் பக்குவமாச் சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். மற்றது குடும்ப விவகாரம்.

ஆகவே, குற்றச்சாட்டில் உள்ளது உண்மைதான். சீட்டை அன்றே படித்தேன். ஏழு மாதம் சட்டைப்பையில் வைத்திருந்தேன். சலவைக்குப் போடும்போது மறக்காமல் எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றிவந்தேன். தபால்காரர் கேட்டபோது விடை எனக்குத் தெரியும். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பொய்யாவது சொன்னேன் என்று யாரும் நிரூபிக்க முடியாது. சொல்லிய மூன்று வாக்கியங்களையும் மறுபடி வாசித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்த உத்தரவைப் பியூனுக்கு யாரும் தெரிவிக்கவில்லை போலிருக்கிறது. அவர் என்னிடம் பத்தொன்பது வருடப் பழக்கம், மனசு கஷ்டப்படுவார், பக்குவமாகச் சொல்லவேண்டும் என்று ஆளாளுக்குத் தள்ளிப்போட்டிருப்பார்கள். இன்று காலை நான் வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, வழக்கம்போல வந்து, "சார், உங்களுக்குத்தான்" என்று ஒன்றைக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

ரோஸ் நிறம். இரண்டாக மடித்தது. வெளியே தலைவர் ஐயாவின் பெயர். லேசாக விரல் விட்டுக் கடைசி வரியை மட்டும் பார்த்தேன். மேலே படிக்கவில்லை. படிக்கவேண்டிய அவசியமும் எனக்கு இல்லை.

ஐயா, நான் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். அந்தக் கிளாஸ் உங்களுடையதுதானே. முதலில் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்.